மழைக்காலத்தில் கடலூர்–பாண்டி சாலை: குடும்பத்தோடு கார் ஓட்டுகிறவர்களுக்கு

என் மாமனாருக்கு வாரம் மூன்று முறை பாண்டியில் டயாலிசிஸ். கணவருக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. அதனால் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்குக் கார் ஓட்டுவது என் பொறுப்பு. முன் சீட்டில் மாமா, பின் சீட்டில் அத்தை, பள்ளி இல்லாத நாளில் பிள்ளைகள் இரண்டு பேரும். சித்திரை, வைகாசியில் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஐப்பசி பிறந்தால்தான் இந்த இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் எத்தனை ஆறு ஓடுகிறது என்று தெரியும்.

முதல் கேள்வி எப்படிப் போவது என்பதல்ல, போகத்தான் வேண்டுமா என்பது. டயாலிசிஸ், பிரசவ வலி, இறங்காத காய்ச்சல் என்றால் போயே ஆக வேண்டும். மாத்திரை வாங்குவது, பேங்க் வேலை எல்லாம் இரண்டு நாள் தாங்கும். மூன்றாவது வகைதான் ஆபத்து. கார்த்திகையில் முகூர்த்தம் அதிகம். தவளக்குப்பத்தில் ரிசப்ஷன், "தலையையாவது காட்டிட்டு வந்துடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஆரஞ்சு எச்சரிக்கை இருக்கும் நாளில் மொய்யைப் போனிலேயே அனுப்பிவிடுங்கள். சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். தூக்கட்டும், தையில் சமாதானம் ஆகிவிடும்.

பள்ளி விடுமுறை அறிவிப்பை வைத்துச் சாலை நிலவரத்தை முடிவு செய்ய வேண்டாம். காலையில் டிவியில் ஓடும் எழுத்தைப் பார்த்து "கலெக்டர் லீவு விட்டாச்சு" என்று பெரியவன் குதிப்பான். முள்ளோடை தாண்டினால் அது வேறு அரசு, அங்கே விடுமுறை வேறு மாதிரி இருக்கும். வானிலை மையத்தின் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் ஒரு நாளில் 12 முதல் 20 செ.மீ. வரை பெய்யலாம், சிவப்பு என்றால் அதற்கும் மேல். மழைக்கு அவ்வளவு போதும். ஆனால் எங்கள் சாலைக்கு மழைக் கணக்கு பாதிதான்.

சாத்தனூரைக் கேளுங்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வானம் வெளுத்திருக்கும், வெயில்கூட அடிக்கும், சாலை மூழ்கியிருக்கும்.

கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும்போது ஆல்பேட்டை தாண்டியதும் தென்பெண்ணைப் பாலம். அதன் பிறகு சின்ன கங்கணாங்குப்பம், பெரிய கங்கணாங்குப்பம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு, கொஞ்ச தூரத்தில் அரியாங்குப்பம் ஆறு. இவை இரண்டும் சங்கராபரணியின் கிளைகள். திருப்பாப்புலியூர்க்காரர்கள் என்றால் கிளம்பும்போதே கெடிலத்தையும் தாண்டி வர வேண்டும்.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி வழியாகச் சாத்தனூர் அணைக்கு வந்து, திருக்கோவிலூர் தாண்டி நம்மிடம் வருகிறது. நம் ஊரில் ஒரு சொட்டுகூடப் பெய்யாமல் வெள்ளம் வர முடியும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் பாண்டியில் 45 செ.மீ.க்கு மேல் மழை. புயல்தான் போய்விட்டதே என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள். ஆற்றங்கரை ஊர்கள் முழுக்க தண்ணீர். கடலூர்–பாண்டி போக்குவரத்து நின்றது. புயலன்று வீட்டில் அடங்கிக் கிடந்துவிட்டு, மழை விட்டதும் கிளம்பியவர்கள்தான் நடுவழியில் மாட்டினார்கள்.

ஆகவே மழை நாளில் நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, சாத்தனூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பது. அணையின் முழு உயரம் 119 அடி. அதை நெருங்கிவிட்டது என்று செய்தி வந்தால் வருகிற தண்ணீரை அப்படியே விடுவார்கள். சங்கராபரணிக்கு இதே போல வீடூர் அணையைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, மேலே இருக்கும் சொந்தக்காரர்கள். திருக்கோவிலூரிலோ விழுப்புரத்திலோ யாராவது இருந்தால் ஒரு போன் போடுங்கள். "ஆத்துல எவ்வளோ போகுது?" என்று கேட்டால் பாலத்தில் எந்தத் தூண் வரை என்று சொல்லிவிடுவார்கள். அங்கே கரைபுரண்டால் நமக்குச் சில மணி நேரம் இருக்கிறது என்று பொருள். அந்தச் சில மணி நேரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல் "இப்ப ரோடு நல்லாத்தான் இருக்கு" என்று கிளம்புவதில் பயனில்லை.

அமாவாசை, பௌர்ணமியையும் பாருங்கள். அந்த நாட்களில் கடல் ஏற்றம் அதிகம், முகத்துவாரத்தில் ஆற்று நீர் சீக்கிரம் கடலுக்குள் போகாது, ஊருக்குள் தேங்கும். பெஞ்சல் வந்ததும் அமாவாசையை ஒட்டித்தான். தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்கு இது மனப்பாடம். நமக்குத்தான் காலண்டர் தேவைப்படுகிறது.

மாற்றுப் பாதை என்று சொல்லிக் கூகுள் எங்காவது நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் கைகாட்டும். தென்பெண்ணைக்குத் தெற்கே இருக்கிறோம், பாண்டி வடக்கே. எந்தச் சாலையில் சுற்றினாலும் எங்காவது ஓரிடத்தில் அந்த ஆற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும். போலீஸ் தடுப்பு போட்டிருந்தால் வழி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் நாள் என்றால்

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்த அன்றே யூனிட்டுக்குப் போன் போட்டு, ஒரு நாள் முன்னதாகவே எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். புயல் நெருங்கிய பிறகு கேட்டால் எல்லோரும் கேட்பார்கள், படுக்கை கிடைக்காது. டயாலிசிஸ் தள்ளிப் போகலாம் என்று தெரிந்தால் சாப்பாட்டை அன்றைக்கே இறுக்க வேண்டும். தண்ணீர், உப்பு இரண்டையும் குறைக்க வேண்டும். வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, எல்லாவற்றுக்கும் மேல் இளநீர் கூடவே கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடலாம். "சளி பிடிக்குதே, ஆரஞ்சு ஜூஸ் குடுக்கட்டுமா" என்று பாசத்தோடு வரும் அக்கம்பக்கத்தாரை வாசலிலேயே நிறுத்துங்கள். எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தால், அத்தையும் மாமாவும் சமையலறையில் வாதாட மாட்டார்கள். மூச்சு வாங்கினாலோ உடம்பு தளர்ந்து போனாலோ சாலை நிலவரம் பார்க்கத் தேவையில்லை, 108.

முந்தின நாள் வேலை

பாண்டியில் பெட்ரோல் விலை குறைவு. அதனால் கடலூர்க்காரர்கள் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் "பாண்டி போய்ப் போட்டுக்கலாம்" என்று இழுப்போம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம். அரை டேங்க்குக்குக் கீழே போகவிடாமல் இங்கேயே போடுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் பங்க்கும் இல்லை, போனில் பணம் அனுப்புவதும் இல்லை. பர்சில் சில்லறை நோட்டாகக் கொஞ்சம் இருக்கட்டும். வெள்ளம் சூழ்ந்து வடிந்த பங்க்கில் உடனே போடாதீர்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், தரையடித் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். அது டேங்க்குக்குள் வந்தால் வண்டி இருமிக்கொண்டே நிற்கும்.

டயரைக் குனிந்து பாருங்கள். பள்ளங்களுக்குள் குட்டிக் குட்டி மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், சட்டப்படி மாற்ற வேண்டிய அளவு அது. மழைக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. என் நாத்தனார் மான்ட்ரியாலில் இருக்கிறாள். அவர்கள் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குப் பனிக்கால டயர் போட்டே ஆக வேண்டும், சட்டம். "உங்களுக்கென்ன அண்ணி, வெறும் மழைதானே" என்பாள். பனியில் ஓட்டுவதற்கென்று டயரையே மாற்றுகிற ஊர் அது; நாம் பஞ்சர் ஆனால்தான் டயரைத் திரும்பிப் பார்க்கிறோம்.

அடுத்து, முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கறுப்பு ஜல்லடை. எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரம். சருகும் காம்பும் அதில் குவிந்து, கீழே வடிகால் ஓட்டையை அடைத்துவிடும். அடைத்தால் மழைத் தண்ணீர் வெளியே போகாமல் ஏசி வழியாக உள்ளே, முன் சீட்டில் இருப்பவரின் காலடிக்கு வரும். பழைய டூத் பிரஷ்ஷால் கிளறி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒழுகினால் சரியாக இருக்கிறது. வைப்பர் ரப்பர் நம் வெயிலில் காய்ந்து விறைத்திருக்கும், கண்ணாடியைத் துடைக்காமல் கோடு போடும். வருடம் ஒரு முறை, மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. காற்று மழை என்றால் வண்டியை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் எப்படி விழுந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிக்குள் யாருக்கு என்ன வேலை

மழையில் ஓட்டுகிறவருக்குப் பெரிய தொல்லை வெளியே இல்லை, பின் சீட்டில். ஆளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் பாதி தீர்ந்தது. போன் பெரியவன் கையில், என் கையில் இல்லை. வருகிற அழைப்புக்கு அவன் பதில் சொல்வான்: "அம்மா வண்டி ஓட்டுறாங்க, போய்ச் சேர்ந்ததும் பேசுவாங்க." நெய்வேலியிலிருந்து "எங்க வந்திருக்கீங்க" என்று கேட்கும் அப்பாவுக்கும் அதே பதில்தான். சின்னவளுக்கு ஊர்ப் பெயர்ப் பலகை படிக்கும் வேலை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும், அழ நேரமில்லை. அத்தைக்கு மாமாவின் ஃபைல், மாத்திரை டப்பா, துண்டு. மாமா முன் சீட்டில் உட்கார்ந்து இடது பக்கம் வரும் ஆள், மாடு, பள்ளம் சொல்வார். சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், "நானா இருந்தா" என்று ஆரம்பிக்கக் கூடாது. மாமாவோடு இது பேசி முடித்த ஒப்பந்தம்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்கிவிட்டால் யாரும் பேசக் கூடாது. அத்தை "முருகா, முருகா" என்பார், அதற்கு மட்டும் அனுமதி உண்டு.

ஐந்து பேர் மூச்சு விட்டால் கண்ணாடி பனித்துவிடும். ஏசியைப் போடுங்கள், குளிருகிறது என்று நிறுத்தாதீர்கள். சூடு பக்கம் திருப்பிக்கொண்டாலும் ஏசி ஓடினால்தான் ஈரம் போகும். வெளிக்காற்று வரும்படி வைத்து, முன் கண்ணாடிக்கு வீசும் பொத்தானை அழுத்துங்கள். துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து எதிர்வண்டி வெளிச்சம் சிதறும். ஈரத் தலையோடு யாரையும் ஏற்றாதீர்கள், குடையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள்.

சாப்பாடு இட்லி, மிளகாய்ப் பொடி. குழம்பு டப்பா வேண்டாம், பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று தெரியும். மாமாவுக்கு மட்டும் உப்பில்லாத இட்லி தனியாக.

சாலையில்

ஹெட்லைட் லோ பீமில் எரியட்டும். மழையில் நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டிக்கொண்டு போகிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அப்படிப் போனால் நீங்கள் திரும்பப் போகிறீர்களா, நிற்கிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. வண்டி நின்றால் மட்டும் அதைப் போடுங்கள். முன் வண்டியிலிருந்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தள்ளி வாருங்கள். திடீரென்று ஸ்டீயரிங் லேசானது போல் தோன்றினால் டயர் தண்ணீர் மேல் ஏறிவிட்டது என்று பொருள். பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். பிடிப்பு தானாக வரும்.

சாயங்காலம் பாண்டியிலிருந்து கடலூர் திரும்பும் பைக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லை தாண்டி எதற்குப் போனார்களோ, அது உள்ளே இறங்கியிருக்கும். வழி விட்டுவிடுங்கள். பின்னால் உட்கார்ந்து குடை பிடிக்கும் பெண்களிடம் மட்டும் ஒரு வார்த்தை: காற்று குடையைப் பிடித்து இழுத்தால் பைக்கே சாயும். மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

தேங்கிய தண்ணீர் வேறு, ஓடுகிற தண்ணீர் வேறு. சாலைக்குக் குறுக்கே ஓடுகிறது என்றால் கணுக்கால் அளவாக இருந்தாலும் இறங்காதீர்கள். அடியில் சாலை அரித்துப் போயிருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. ஒரு அடி ஆழத்தில் ஓடும் நீரே சின்ன காரைத் தூக்கிவிடும், இரண்டு அடி என்றால் பெரிய வண்டியும் தாங்காது. இருட்டில் எந்தத் தண்ணீரிலும் இறங்க வேண்டாம்.

தேங்கிய தண்ணீர் என்றால் ஓரம் கட்டி, முன்னால் போகிற நம் அளவு காரின் சக்கரத்தைப் பாருங்கள். பாதிச் சக்கரம் மறைந்தால் திரும்பிவிடுவது நல்லது. அதற்குக் கீழே என்றால் முதல் கியர், ஒரே சீரான ஆக்ஸிலேட்டர், சாலையின் நடுப்பகுதி. நடுவில்தான் மேடு, ஓரத்தில் வாய்க்கால். நடுவழியில் கியர் மாற்றுவதோ காலை எடுப்பதோ கூடாது. பஸ் வருகிறதென்றால் அது போய் அலை அடங்கும் வரை காத்திருங்கள். பஸ் கிளப்பும் அலைதான் பானெட்டுக்குள் ஏறும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். பாண்டிக்குள் இந்திரா காந்தி சிலை சதுக்கமும் ரெயின்போ நகரும் சீக்கிரம் தேங்கும் இடங்கள், முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தால் காரை விட்டு இறங்காமல் பின்வாங்கி, கடலூர்ப் பக்கம் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால்

மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியைத் திருப்பச் சொல்லி நாலு பேர் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். காற்று போகும் குழாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் அதை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்ற வண்டிக்குச் செலவு ஆயிரங்களில் முடியலாம், திருகிய வண்டிக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும். சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதம் பெரும்பாலும் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு, பாலிசி புதுப்பிக்கும்போது கேட்டு வாங்குங்கள். அப்போதும் ஸ்டார்ட் செய்ததாகத் தெரிந்தால் பணம் தர மறுக்கலாம். முதலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் மேட்டில் இறக்குங்கள். பிறகு நியூட்ரலில் போட்டுத் தள்ளி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வீடு வந்ததும்

தண்ணீர் தாண்டிய கையோடு பிரேக்கை லேசாகச் சில முறை தொட்டு விடுங்கள், சூட்டில் ஈரம் காயும். வீட்டில் காலடி விரிப்பை எல்லாம் எடுத்து மொட்டை மாடியில் போடுங்கள். அடியில் இருக்கும் கார்பெட்டை அழுத்திப் பார்த்து, ஈரம் கசிந்தால் பழைய நியூஸ் பேப்பரை அடுக்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பொங்கல் வரை அந்த நாற்றம் போகாது, வாசனை டப்பா வாங்கித் தொங்கவிட்டாலும் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம். கடலோர ஊர், சக்கரத்தின் உள்பக்கமும் வண்டியின் அடியும் நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள், உப்பும் சேறும் சேர்ந்தால் துரு. ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்திருந்தால் மறுநாள் காலையில் பானெட்டைப் பலமாகத் தட்டிவிட்டு, தள்ளி நின்று திறங்கள். சூடான இன்ஜினைத் தேடிப் பாம்பு வந்து சுருண்டிருக்கும். சீட்டுக்கு அடியில் கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள், பிள்ளைகளின் பள்ளிப் பையை உதறிவிட்டு உள்ளே எடுத்துப் போங்கள்.